படைக்கருவிக்கு ஒரு பொதுப் பட்டறை

கோவை கணபதியிலோ ஓசூர் சிப்காட்டிலோ சிறிய பட்டறை நடத்துபவர் ஒருவர், ராணுவத்துக்கு ஒரு கருவி செய்து தரலாம் என்று இறங்கினால், முதல் உருப்படியைச் செய்து முடிப்பது அவருக்குப் பெரிய காரியமே இல்லை. லேத் இருக்கிறது, சிஎன்சி இருக்கிறது, கைவேலை தெரிந்த ஃபிட்டர் இருக்கிறார். எலக்ட்ரானிக்ஸ் படித்த இளைஞர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டால், மேசைமேல் வைத்து ஓட்டிக் காட்டும் அளவுக்குப் பொருள் வந்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். இது லடாக் குளிரில் ஓடுமா, ராஜஸ்தான் மணற்காற்றில் ஓடுமா, நாளெல்லாம் லாரியில் குலுங்கிய பிறகு ஓடுமா, பக்கத்தில் ரேடியோ பேசிக்கொண்டிருந்தால் ஓடுமா என்று படைக்காரர்கள் கேட்பார்கள். வாய்ச்சொல் அங்கே செல்லாது. சோதனை அறிக்கை வேண்டும்.

அந்தச் சோதனைகளுக்கான கருவிகளைத் தனியொரு பட்டறைக்காரர் வாங்குவது நடக்காத காரியம். கடன் வாங்கி வாங்கினாலும் வருடத்தில் சில நாள்தான் அவற்றுக்கு வேலை இருக்கும். மீதி நாளெல்லாம் வட்டி ஓடும், கருவி தூங்கும். பலர் சேர்ந்து பயன்படுத்தும் முன்மாதிரிக் கூடம் என்ற யோசனை இந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கிறது. பொருளின் முதல் வடிவத்தைச் செய்து, வாட்டி, உடைத்து, திருத்தி, மறுபடி செய்து பார்க்கும் பொது இடம் அது.

ஏற்கெனவே இருப்பவை

தமிழ்நாட்டில் இதற்கு அடித்தளம் இல்லாமல் இல்லை. 2018 மத்திய பட்ஜெட்டில் நாட்டுக்கு இரண்டு பாதுகாப்புத் தொழில் வழித்தடங்கள் அறிவிக்கப்பட்டன. ஒன்று உத்தரப் பிரதேசத்துக்கு, இன்னொன்று நமக்கு. சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்தும் நம் வழித்தடத்தின் முனைகள். 2019 ஜனவரியில் திருச்சியில் அது தொடங்கிவைக்கப்பட்டது. மாநில அரசின் தரப்பில் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோ அதைக் கவனிக்கிறது.

பணம் தரும் திட்டங்களும் உண்டு. 2018 ஏப்ரலில் சென்னைக்குப் பக்கத்தில் திருவிடந்தையில் நடந்த ராணுவத் தளவாடக் கண்காட்சியில் ஐடெக்ஸ் திட்டம் அறிவிக்கப்பட்டது. முப்படைகள் தங்களுக்கு என்ன தேவை என்று ஒரு சவாலாக வெளியிடும். அதில் தேர்வாகும் ஸ்டார்ட்அப் நிறுவனத்துக்கும் சிறு தொழில்முனைவோருக்கும் முன்மாதிரி செய்ய ரூ.1.5 கோடி வரை மானியம் கிடைக்கும். அதற்கு இணையாகத் தன் பங்கையும் அந்த நிறுவனம் போட வேண்டும். இத்திட்டத்தின் பங்காளி இன்குபேட்டர்களில் ஒன்று கோவையில் சிறுதொழில் சங்கமான கொடிசியாவின் பெயரில் இயங்குகிறது.

சோதனைக்கென்று தனித் திட்டமே இருக்கிறது. 2020 மே மாதம் ரூ.400 கோடி ஒதுக்கீட்டில் தொடங்கிய பாதுகாப்புச் சோதனைக் கட்டமைப்புத் திட்டத்தில், மையம் அமைக்கும் செலவில் 75 சதவீதம் வரை மத்திய அரசு மானியமாகத் தரும். மீதியைத் தனியார் நிறுவனங்களும் அரசு நிறுவனங்களும் சேர்ந்து அமைக்கும் சிறப்பு நோக்க நிறுவனம் போட வேண்டும். முதலில் ஒப்புதல் பெற்ற ஏழு மையங்களில் நான்கு தமிழ்நாட்டுக்கு வந்தன. ஆளில்லா விமானங்கள், மின்னணுப் போர்முறை, எலக்ட்ரோ ஆப்டிக்ஸ் ஆகிய மூன்று துறைகளுக்கும் 2024 ஜூலையில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அவற்றுக்கு முறையே கெல்ட்ரான், பாரத் எலக்ட்ரானிக்ஸ், இந்தியா ஆப்டெல் ஆகியவை தலைமை ஏற்கின்றன. இவை தவிர, தரமணியில் சமீர், ஒரகடத்தில் வாகன ஆராய்ச்சி மையம், கோவையில் சிடார்க் என்று பழைய சோதனைக்கூடங்களும் இருக்கின்றன.

இத்தனை இருக்கும்போது இன்னொன்று எதற்கு? சான்றிதழ் தரும் கூடம் என்பது பொதுத்தேர்வு நடக்கும் ஹால். அங்கே போய்க் கற்றுக்கொள்ள முடியாது. தேதி வாங்கி, பணம் கட்டி, பொருளைக் கொண்டுபோய் வைத்தால் தேறியது அல்லது தேறவில்லை என்று தாள் வரும். தேறாவிட்டால் ஊருக்குத் திரும்பி, காரணத்தைத் தேடி, திருத்தி, மறுபடி தேதி கேட்டு வரிசையில் நிற்க வேண்டும். பல சின்ன நிறுவனங்களின் மானியக் கெடு இந்த வரிசையிலேயே கரைந்துபோகிறது. நம் ஊரில் இல்லாதது அதற்கு முந்திய படி. கூச்சமில்லாமல், அதிகச் செலவில்லாமல் தோற்றுப் பார்க்க ஓர் இடம். மண்டல முன்மாதிரிக் கூடம் அந்த இடத்தை நிரப்புவதாக இருந்தால்தான் அதற்குப் பணம் போடலாம் என்பது என் கட்சி.

ஓர் அட்டையின் ஒரு நாள்

இந்தப் படி ஏன் முக்கியம் என்பதை ஒரு சின்னப் பொருளை வைத்துப் பார்ப்போம். ட்ரோனின் வயிற்றில் இருக்கும் கட்டுப்பாட்டு அட்டை. பேட்டரியிலிருந்து வருவது இருபத்திரண்டு வோல்ட் என்றால், அட்டைக்கு வேண்டியது ஐந்து வோல்ட். இடையில் ஒரு கன்வெர்ட்டர் சுற்று, நொடிக்கு லட்சக்கணக்கான முறை மின்சாரத்தை வெட்டி வெட்டித் தந்து அதைக் குறைக்கிறது. அப்படி வெட்டும்போதெல்லாம் சிறிது ரேடியோ இரைச்சல் கிளம்பும். அதன் கிளை அலைகள் மேலே மேலே ஏறிப் போகும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் அனுப்பும் சிக்னலின் அதிர்வெண் 1575.42 மெகாஹெர்ட்ஸ். இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து வந்து சேரும்போது அது மிகவும் மெலிந்திருக்கும். இரண்டு அங்குலம் தள்ளி இரைச்சல் போடும் ஒரு சுற்று அதை எளிதாக அமுக்கிவிடும்.

பட்டறைக்குள் வைத்துச் சோதிக்கும்போது இது கண்ணில் படாது. கூரைக்கடியில் ஜிபிஎஸ் எப்படியும் சரியாகக் கிடைக்காது என்று விட்டுவிடுவார்கள். மைதானத்தில் அதிகாரிகள் முன்னால் ட்ரோன் தன் இடத்தைக் கண்டுபிடிக்கத் திணறும்போதுதான் வேர்க்கும்.

வெளி அலைகள் நுழையாத, உள் அலைகள் எதிரொலிக்காத சேம்பரில் வைத்துப் பார்த்தால் நிலைமை வேறு. உள்ளே அட்டையை ஓடவிட்டு, வெளியே ஸ்பெக்ட்ரம் அனலைசர் திரையைப் பார்த்தால் எந்த அதிர்வெண்ணில் முள் எழும்புகிறது என்று தெரிந்துவிடும். பேனா போன்ற ஒரு சின்ன ஆன்டெனாவை அட்டைமேல் நகர்த்திக்கொண்டே போனால், இரைச்சல் போடும் சுருள் எது என்பதும் பிடிபடும். அதன்மேல் செப்பு நாடா ஒட்டலாம், கம்பியில் ஃபெரைட் மணி கோக்கலாம், ஒரு கெப்பாசிட்டரை இடம் மாற்றிச் சால்டர் செய்யலாம். பத்து நிமிட வேலை. ஆனால் அந்தப் பத்து நிமிட வேலையைச் செய்ய சேம்பர் கதவுக்கு வெளியே சால்டரிங் மேசை இருக்க வேண்டும், உதிரிப்பெட்டி இருக்க வேண்டும், மறுபடி உள்ளே வைத்துப் பார்க்க அனுமதி இருக்க வேண்டும். மேசை இருந்தால் ஒரே பகலில் ஐந்தாறு திருத்தம் முடியும். இல்லாவிட்டால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு ரயில் டிக்கெட்.

அடுத்தது அதிர்வு மேசை. ஷேக்கர் என்பார்கள். அட்டையை அதில் பூட்டி, மெதுவான ஆட்டத்திலிருந்து வேகமான நடுக்கம் வரை படிப்படியாக ஏற்றிக்கொண்டு போவார்கள். ஏதோ ஒரு வேகத்தில் அட்டையே கூட நடனமாட ஆரம்பிக்கும். அந்த வேகத்தில் சிறிது நேரம் விட்டால் கனெக்டர் கழன்றுவிடும், உயரமான கெப்பாசிட்டரின் கால் முறியும். பூட்டுள்ள கனெக்டருக்கு மாறுவதும் கெப்பாசிட்டரின் அடியில் சிலிகான் பசை வைப்பதும் மலிவான மருந்துகள். நோய் எங்கே என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த மேசை. இதில் பொருளை மேசையோடு பூட்டும் ஃபிக்ஸ்சர் என்று ஒன்று உண்டு. அது சரியில்லாமல் தானும் சேர்ந்து ஆடினால் சோதனையே பொய்யாகிவிடும். கனமான அலுமினியக் கட்டையில் அதைக் கச்சிதமாகக் குடைந்து தரும் டூல் ரூம்கள் கோவையில் எத்தனையோ இருக்கின்றன. இந்தக் கூடம் அங்கே அமைய வேண்டும் என்று நான் நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

குளிர்ச் சேம்பரும் உப்புத் தெளிப்பும் பொறுமைச் சோதனைகள். குளிரில் பேட்டரி சுருண்டு படுக்கும். திரை மந்தமாகும். வெளியே எடுத்தவுடன் அட்டைமேல் பனித்துளி வேர்க்கும், மின்சாரம் அதில் பாதை தேடும். உப்புச் சோதனையில் ஐந்து சதவீத உப்புக் கரைசலை 35 டிகிரி வெப்பத்தில் மூடுபனிபோல் தெளிப்பார்கள். அலுமினியப் பெட்டியில் எஃகு திருகு போட்டிருந்தால், திருகைச் சுற்றி வெள்ளையாகப் பொரிந்து நிற்கும். அழகான பெட்டி, தவறான திருகு. கப்பற்படைக்காரர் அதைப் பார்த்தவுடன் திருப்பி வைத்துவிடுவார்.

இந்தச் சோதனைகளுக்கெல்லாம் எழுதிவைத்த விதிமுறைகள் உண்டு. நம் படைகளுக்கு ஜேஎஸ்எஸ் 55555, அமெரிக்க ராணுவத்திலிருந்து வந்து உலகமெங்கும் பழகிவிட்ட மில் ஸ்டாண்டர்ட் 810, மின்காந்தத் தொந்தரவுக்கு மில் ஸ்டாண்டர்ட் 461. முன்மாதிரிக் கூடம் இவற்றின்படி முத்திரை குத்தித் தர வேண்டியதில்லை. முத்திரைக்குப் போகுமுன் தேறுமா தேறாதா என்று நெருக்கமாகச் சொன்னால் போதும்.

எதை வாங்குவது

அரசுப் பணம் வந்ததும் எல்லாருக்கும் முதலில் கண் போவது உலோக முப்பரிமாண அச்சு இயந்திரத்தின் மேல். திறப்பு விழாப் படத்துக்கு அது நன்றாக இருக்கும். நான் அதைக் கடைசியில் வைப்பேன். அதன் உலோகப் பொடி தீப்பிடிக்கக்கூடியது. ஆர்கான் வாயு வேண்டும். அச்சிட்ட பிறகு தகட்டிலிருந்து வெட்டி எடுக்க வேண்டும், சூட்டுப்பதம் செய்ய வேண்டும், உள்ளே விரிசல் இல்லை என்று ஊடுகதிரில் பார்க்க வேண்டும். இத்தனையும் சேர்ந்ததுதான் அந்த இயந்திரம். சென்னை ஐஐடியில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம் ஒரே துண்டாக அச்சிட்ட ராக்கெட் எஞ்சினை 2024 மே 30 அன்று பறக்கவிட்டது என்றால், அந்த வடிவத்துக்கு அச்சு ஒன்றுதான் வழி என்பதால். ஆன்டெனாவுக்குத் தாங்கி செய்ய அது தேவையில்லை.

ஐந்து ஆக்சிஸ் சிஎன்சியையும் வாங்க வேண்டாம். பீளமேட்டிலும் அரசூரிலும் அதை வைத்து ஜாப் ஆர்டர் எடுப்பவர்களின் பிழைப்பில் பொதுக்கூடம் கைவைத்தால், முதல் வருடத்திலேயே ஊர்ப் பகை வரும். வேலையை அவர்களுக்கே அனுப்பலாம். கூடத்துக்குள் வேண்டியவை வேறு: மின்காந்தச் சேம்பர், ஷேக்கர், வெப்ப, ஈரப்பதச் சேம்பர், உப்பு, தூசி, நீர்ச் சோதனைப் பெட்டிகள், சிறிய எண்ணிக்கையில் சர்க்யூட் அட்டை பொருத்தும் வரிசை, அட்டைக்குள் பார்க்க எக்ஸ்ரே, அளவு பார்க்கும் சிஎம்எம், சில பிளாஸ்டிக் அச்சு இயந்திரங்கள், பெரிய சால்டரிங் மேசை.

இவற்றைவிட முக்கியம் ஆள். பொதுக்கூடங்கள் தோற்பது பெரும்பாலும் கருவி இல்லாமல் அல்ல, கருவியை ஓட்டத் தெரிந்தவர் ஒப்பந்தம் முடிந்து போய்விடுவதால். ஸ்பெக்ட்ரம் அனலைசர் திரையில் எழும்பும் முள் கன்வெர்ட்டரிலிருந்து வருகிறதா, கம்பியிலிருந்து வருகிறதா என்று பார்த்தவுடன் சொல்லக்கூடியவர் பல வருடப் பழக்கத்தில் உருவாகிறவர். அவருக்குத் தனியார் நிறுவனம் தரும் சம்பளத்தைத் தர மனமில்லாவிட்டால் கட்டடம் கட்ட வேண்டாம். சூலூரில் விமானப்படையின் பழுதுநீக்கும் பணிமனை இருக்கிறது. எந்தக் கருவி எங்கே, எப்படி உடையும் என்பது அங்கே காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெறும் டெக்னீஷியன்களுக்குக் கைவந்த பாடம். அவர்களைக் கூப்பிட்டால் வருவார்கள்.

அதேபோல குன்னூருக்கு மேலே வெலிங்டனில் ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. முப்படைகளிலிருந்தும் களம் கண்ட அதிகாரிகள் அங்கே வந்து படிக்கிறார்கள். முறைப்படி அனுமதி வாங்கி, மாதம் ஒரு முறை அவர்களில் சிலரை வரவழைத்து முன்மாதிரிகளைக் கையில் கொடுக்கலாம். கையுறை போட்டுக்கொண்டு இந்த பட்டனை அழுத்த முடியுமா, வெயிலில் இந்தத் திரை தெரிகிறதா, ஏற்கெனவே முதுகில் சுமை இருக்கும்போது இதை எங்கே மாட்டுவது என்று அவர்கள் கேட்கும் கேள்விகள் எந்த விதிமுறைப் புத்தகத்திலும் இருக்காது.

வாடகையும் வரிசையும்

மானியம் கட்டடத்துக்கும் கருவிக்கும்தான். அதற்குப் பிறகு மின்கட்டணம், வருடாந்திரக் காலிபரேஷன், பராமரிப்பு ஒப்பந்தம், சம்பளம் எல்லாம் வாடகையில் வர வேண்டும். மத்திய அரசின் சோதனைத் திட்டத்திலேயே மையம் பயனாளர் கட்டணத்தில் தன் காலில் நிற்க வேண்டும் என்றுதான் விதி. ராணுவ ஆர்டர்கள் மெதுவாக நகர்பவை. அதை மட்டும் நம்பினால் சேம்பர் பாதி வருடம் காலியாகக் கிடக்கும். அதனால் பம்ப் கன்ட்ரோலர், மின்வாகன சார்ஜர், மருத்துவக் கருவி செய்பவர்களுக்கும் கதவு திறக்க வேண்டும். ஷேக்கருக்கு எது படைக்கருவி, எது பம்ப் என்று தெரியாது.

வரிசைதான் உண்மையான அரசியல். பெரிய நிறுவனம் ஒரு மாதத்துக்கு மொத்தமாகப் பதிவு செய்ய வந்தால் மேலாளருக்கு மனம் மகிழும், சின்னவர் வெளியே நிற்பார். மாதத்தில் இத்தனை நாள் சிறு, குறு நிறுவனங்களுக்கு மட்டும் என்று முதலிலேயே எழுதிவைக்க வேண்டும். கட்டணப் பட்டியலும் காலி நாள்களும் எல்லார் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும்.

ரகசியம்

போட்டியாளர் இருவர் ஒரே கூரையின்கீழ் வேலை செய்யும்போது ஒருவர் ரகசியம் மற்றவரிடம் போகுமா என்ற கேள்வி வரும். காகிதத்தில் ரகசிய ஒப்பந்தம் போடுவது எளிது. கசிவு வேறு இடத்தில் நடக்கும். அச்சு இயந்திரத்தின் நினைவகத்தில் நேற்று வந்தவரின் கோப்பு அப்படியே இருக்கும். அனலைசரில் அவர் எடுத்த படம் சேமிக்கப்பட்டிருக்கும். குப்பைத்தொட்டியில் அவர் தவறாக அச்சிட்டு எறிந்த பாகம் கிடக்கும். அந்தப் பாகத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும் அனுபவசாலிக்குப் பாதி வடிவமைப்பு புரிந்துவிடும். ஒவ்வொரு பயனாளர் வெளியேறும்போதும் கருவி நினைவகத்தைத் துடைப்பது, கழிவை அவரே எடுத்துப்போவது அல்லது அவர் கண்முன் நொறுக்குவது, கைப்பேசியை வாசலில் பூட்டுவது, வரைபடக் கணினிகளை இணையத்தோடு சேர்க்காமல் இருப்பது ஆகிய நான்கும் நடந்தால் பெரும்பகுதி அடைபடும். வடிவமைப்பின் மீது கூடத்துக்கு எந்த உரிமையும் இல்லை என்பதையும் ஒப்பந்தத்தில் ஒரே வரியில் எழுதிவிட வேண்டும்.

சட்டம் எங்கே குறுக்கிடும்

வெடிபொருள் இந்தக் கூடத்துக்குள் வரக்கூடாது. அதற்கான உரிமங்களும் பாதுகாப்புத் தூரங்களும் வேறு உலகம். ட்ரோன் பறக்கவிடுவதற்கு 2021 ட்ரோன் விதிகள் ஆராய்ச்சிக்குச் சலுகை தருகின்றன. அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப், கல்வி நிறுவனம், ஜிஎஸ்டி எண் உள்ள ட்ரோன் தயாரிப்பாளர் ஆகியோர், பச்சை மண்டலத்தில் தங்கள் கட்டுப்பாட்டில் உள்ள இடத்தில் வகைச் சான்றிதழ் இல்லாமலே சோதித்துப் பார்க்கலாம். ஆனால் கோவையில் பீளமேட்டில் ஒரு விமான நிலையம், சூலூரில் விமானப்படைத் தளம். பறக்கும் மைதானத்தை இரண்டுக்கும் எட்ட, தள்ளித்தான் தேட வேண்டும். சேம்பருக்கு வெளியே, உரிமம் தேவையில்லாத அலைவரிசைகளைத் தாண்டி ரேடியோ ஒலிபரப்பினால் தொலைத்தொடர்புத் துறையின் சோதனை உரிமம் வேண்டும். வெளிநாட்டுக்கு மாதிரி அனுப்புவதென்றால் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலை முதலில் பார்க்க வேண்டும். இந்த விண்ணப்பங்களை எழுதத் தெரிந்த ஒருவர் கூடத்தின் சம்பளப் பட்டியலில் இருந்தால், இருபது நிறுவனங்கள் தனித்தனியாக அலைவது மிச்சம்.

இப்படி ஒரு கூடம் உங்கள் ஊரில் திறந்து, உறுப்பினராகச் சேர அழைப்பு வந்தால், கட்டடத்தைச் சுற்றிக் காட்டும்போது கருவிகளின் பெயர்ப்பட்டியலைக் கேட்காதீர்கள். சேம்பரை ஓட்டுபவர் யார், அவருக்கு எத்தனை வருட வேலை உறுதி, அடுத்த மாதம் சிறு நிறுவனங்களுக்கு எத்தனை நாள் காலி, தோற்றுப்போன பொருளை அங்கேயே திருத்தி அன்றைக்கே மறுபடி வைத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். இவற்றுக்கு நேரடியாகப் பதில் கிடைத்த பிறகு சந்தா கட்டுங்கள்.